ஆர்எஸ்-485 லூப்பில் இருக்கும் 74 எனர்ஜி மீட்டர்களை, ஓட்டம் நிற்காமல் ஐபி நெட்வொர்க்குக்கு மாற்றுவது எப்படி?

நூல்மில்_மின்பிரிவு:

ஸ்பின்னிங் மில்லில் 74 எனர்ஜி மீட்டர்கள், எல்லாமே மாட்பஸ் ஆர்டியு (சீரியல் கம்பியில் மீட்டரைக் கேட்டுப் படிக்கும் புரோட்டோகால்), வேகம் 9600 பாட், 8என்1 (8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட்). மொத்தம் மூன்று லூப், அதாவது மீட்டர்களை வரிசையாகக் கோர்த்த மூன்று ஆர்எஸ்-485 லைன். முதல் லூப்பில் இன்கமர் (மின்வாரிய சப்ளை உள்ளே வரும் பேனல்), டிரான்ஸ்ஃபார்மர், கம்ப்ரசர் என்று 20 மீட்டர். இரண்டாவதில் புளோரூம், கார்டிங், டிராயிங் 26. மூன்றாவதில் ரிங் ஃபிரேம், ஆட்டோகோனர், ஹியூமிடிஃபிகேஷன் 28. மூன்றும் எலக்ட்ரிக்கல் ரூமில் உள்ள ஒரு பிசியின் நான்கு போர்ட் சீரியல் கார்டுக்கு வருகின்றன.

பிசி விண்டோஸ் எக்ஸ்பி. எனர்ஜி சாஃப்ட்வேர் அதற்கு மேற்பட்ட எதிலும் ஓடாது. சீரியல் கார்டுக்கு மாற்று கிடைப்பதும் கஷ்டம். மீட்டர்களைப் படித்துக் கண்காணிக்கப் புதிய ஸ்காடா சர்வர் வந்துவிட்டது, அது மாட்பஸ் டிசிபி (அதே மாட்பஸ், ஐபி நெட்வொர்க்கில்) பேசும். டிபார்ட்மென்ட்டுகளுக்கு இடையே சிசிடிவிக்காகப் போட்ட ஃபைபர் இருக்கிறது, அதில் கோர்கள் மீதி உள்ளன.

மார்ச் கணக்கு முடியும்வரை பழைய சாஃப்ட்வேர் ரிப்போர்ட்தான் அதிகாரபூர்வம். அதனால் பழையதும் புதியதும் சில மாதம் சேர்ந்து ஓட வேண்டும். ஒரே லூப்பை இரண்டும் படிக்க முடியுமா? மீட்டர்களை மாற்றாமல் எதுவரை போகலாம்? எந்த லூப்பில் தொடங்குவது?

இன்னொன்று: முதல் லூப்பில் கம்ப்ரசர் லோடு எடுக்கும்போதெல்லாம் கம்யூனிகேஷன் போய்ப் போய் வருகிறது. ஐபிக்கு மாறினால் இது சரியாகிவிடுமா?


பஸ்டிரேஸ்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது. சரியாகாது. கேட்வே (சீரியல் லைனை ஐபி நெட்வொர்க்கோடு இணைக்கும் கருவி) வைத்தாலும் மீட்டரிலிருந்து கேட்வே வரைக்கும் அதே இரண்டு கம்பிதான். இன்று பழைய பிசிக்கு வராத பதில் நாளை கேட்வேக்கும் வராது. அப்போது குறை லைனிலா, கேட்வேயிலா, ஸ்விட்சிலா, ஸ்காடாவிலா என்று நான்கு இடத்தில் தேட வேண்டியிருக்கும். எனவே முதல் லூப்பின் வயரிங் சரியான பிறகுதான் அங்கே கேட்வே.

மாற்றத்தை மேலிருந்து கீழே கொண்டுவாருங்கள். மீட்டரையும் அதன் ஐடியையும் பாட் ரேட்டையும் தொடாதீர்கள். பிசியில் முடிகிற லூப் நுனியை மட்டும் கேட்வேயில் முடியுங்கள். அன்றே அந்த லூப்பின் எல்லா மீட்டரும் ஐபி பக்கம் தெரிய ஆரம்பித்துவிடும். மீட்டர்கள் பழுதாகி மாற்ற வேண்டி வரும்போது ஈதர்நெட் மீட்டராக வாங்குவதா என்பதை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

கேட்வே வாங்கும்போது இரண்டு வகைக் கருவிகள் ஒரே மாதிரி தோற்றத்தில் கிடைக்கும். ஒன்று சீரியல் டிவைஸ் சர்வர்: சீரியலில் வரும் பைட்டுகளை அப்படியே டிசிபியில் தள்ளும், மாட்பஸ் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. மற்றொன்று மாட்பஸ் கேட்வே: ஆர்டியு ஃபிரேமின் சிஆர்சியை (பிழை சரிபார்க்கும் பைட்டுகளை) எடுத்துவிட்டு, முன்னால் 7 பைட் எம்பிஏபி ஹெடர் சேர்க்கும். டிரான்சாக்‌ஷன் ஐடி 2 பைட், புரோட்டோகால் ஐடி 2 பைட் (எப்போதும் பூஜ்யம்), நீளம் 2 பைட், யூனிட் ஐடி 1 பைட். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது வகை. முதல் வகையை வாங்கிவிட்டு ஸ்காடாவில் மாட்பஸ் டிசிபி என்று தேர்வு செய்தால் பிங் போகும், அதில் 502 (மாட்பஸ் டிசிபியின் போர்ட் எண்) என்று வைத்திருந்தால் அந்தப் போர்ட்டும் திறக்கும், ஒரு மீட்டரும் பதில் தராது. ஐபி வேலை செய்வதால் எல்லோரும் நெட்வொர்க் சரி என்று சொல்லிவிட்டு மீட்டரைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு சாஃப்ட்வேரும் சேர்ந்து படிப்பது பற்றி: ஆர்எஸ்-485 மாட்பஸ் லைனில் ஒரே ஒரு மாஸ்டர்தான் (கேள்வி கேட்பவர்); பதில் தரும் மீட்டர்கள் ஸ்லேவ்கள். பழைய பிசியையும் கேட்வேயையும் ஒரே லூப்பில் தொங்கவிட்டால் இரண்டு கேள்விகளும் மோதி இரண்டு பக்கமும் சிஆர்சி எர்ரர் வரும். சில சமயம் ஒருவர் கேட்ட கேள்விக்கான பதிலை மற்றவர் தன் பதிலாக எடுத்துக்கொள்வார், அது இன்னும் மோசம். ஆகவே வரிசைப்படுத்தும் வேலையை கேட்வேயிடம் கொடுங்கள்.

இரண்டு போர்ட் உள்ள கேட்வே எடுங்கள், லூப்புக்கு ஒன்று. போர்ட் 2 லூப்பில் மாஸ்டராக இருக்கட்டும். போர்ட் 1 பழைய பிசியின் சீரியல் கார்டோடு இணையட்டும், பிசியின் கண்ணுக்கு கேட்வேதான் அந்த லூப்பின் எல்லா மீட்டரும். ஈதர்நெட் பக்கம் ஸ்காடா வரும். பிசி கேட்டாலும் ஸ்காடா கேட்டாலும் கேட்வே ஒன்றன்பின் ஒன்றாக லூப்பில் கேட்டு அவரவருக்குப் பதிலைத் திருப்பும். பிசியில் டிரைவர் எதுவும் ஏற்ற வேண்டாம். விர்ச்சுவல் காம் போர்ட் வழியும் உண்டு, ஆனால் எக்ஸ்பிக்கு இப்போது டிரைவர் தேடுவது வீண் வேலை. எல்லா இரண்டு போர்ட் கேட்வேயும் இதைச் செய்யாது. சீரியல் மாஸ்டரும் டிசிபி கிளையன்ட்டும் ஒரே நேரத்தில் அதே ஸ்லேவ்களைக் கேட்க முடியுமா என்று டேட்டாஷீட்டில் பார்த்து, விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மூன்று வேலைக்கு, ஒன்று கையிருப்புக்கு, மொத்தம் நான்கு.

ஒரே நான்கு போர்ட் கேட்வேயில் மூன்று லூப்பையும் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஸ்லேவ் ஐடி பட்டியலைப் பாருங்கள். மூன்று லூப்பிலும் 1, 2, 3 என்றுதான் ஐடி போட்டிருப்பார்கள். ஒரே ஐபியில் யூனிட் ஐடி 5 என்று கேட்டால் எந்த லூப்பின் 5? லூப்புக்கு ஒரு ஐபி இருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

தொடங்க வேண்டியது இரண்டாவது லூப்பில். 20 மீட்டர்தானே, சின்னது என்று முதல் லூப்பில் கை வைக்காதீர்கள். இன்கமர் அங்கே இருக்கிறது, மின்வாரிய பில்லோடு ஒப்பிடுவது அந்த எண்களைத்தான். அது கடைசி. கார்டிங் மீட்டர் அரை மணி நேரம் படிக்கப்படாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, கிலோவாட் ஹவர் எண்ணிக்கை மீட்டருக்குள்ளேயே ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

மாற்றும் நாளுக்கு முன் ஒரு தாள் தயாராக வேண்டும்: லூப், ஸ்லேவ் ஐடி, பேனல் பெயர், மீட்டர் மேக் (கம்பெனி), மாடல், பாரிட்டி, சிடி ரேஷியோ (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் கரண்ட்டைக் குறைத்துத் தரும் விகிதம்), டிஸ்பிளேயில் தெரியும் கிலோவாட் ஹவர். கடைசி இரண்டையும் பேனல் முன்னால் நின்று எழுதுங்கள், பழைய சாஃப்ட்வேரிலிருந்து காப்பி எடுக்காதீர்கள். சில மீட்டர்கள் பிரைமரி மதிப்பைத் தரும், சில செகண்டரி மதிப்பைத் தரும், செகண்டரியை பழைய சாஃப்ட்வேர் உள்ளுக்குள் பெருக்கிக் காட்டிக்கொண்டிருக்கும். புதிய ஸ்காடாவில் அந்தப் பெருக்கல் விட்டுப்போனால் 400/5 சிடி உள்ள ஃபீடர் 80-இல் ஒரு பங்கைக் காட்டும்.

லூப் நுனியைக் கழற்றி மாட்டும் டெர்மினல் பிளக்கில் முடித்துவையுங்கள். கேட்வே மக்கர் செய்தால் பிளக்கைப் பிடுங்கி பழைய கார்டில் செருகினால் போதும், பழைய நிலை திரும்பிவிடும். அந்த வழி திறந்திருந்தால்தான் பகல் ஷிஃப்ட்டிலேயே தைரியமாக வேலை செய்யலாம்.


லைன்டெஸ்ட்:

பஸ்டிரேஸ் சொன்ன வழிதான் சரி. முதல் லூப்பின் வயரிங்கையும், யாரும் கணக்குப் போடாத டைமிங்கையும் நான் சொல்கிறேன்.

மல்டிமீட்டர் ஒன்று போதும். பிசி பக்கப் பிளக்கைக் கழற்றுங்கள், மீட்டர்களின் ஆக்ஸிலரி சப்ளையை நிறுத்துங்கள், ஏ-பி இடையே ஓம் பாருங்கள். இரு நுனியிலும் 120 ஓம் டெர்மினேஷன் (சிக்னல் நுனியில் மோதித் திரும்பாமல் தடுக்கும் ரெசிஸ்டர்) இருந்தால் 60-ஐ ஒட்டி வரும், கேபிள் நீளத்துக்குத் தக்கபடி கொஞ்சம் கூடும். 120-ஐ ஒட்டி வந்தால் ஒரு நுனியில் இல்லை. 40-ஐ ஒட்டி வந்தால் மூன்றாவதாக ஒன்று நடுவில் எங்கோ இருக்கிறது, அநேகமாக ஒரு மீட்டரின் உள் ஜம்பர் ஆன் ஆகியிருக்கும். பிசி கார்டிலேயே டெர்மினேஷன் இருந்தால் பிளக்கைக் கழற்றியதும் அதுவும் போய்விடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்து பயாஸ், அதாவது சும்மா இருக்கும் லைனை ஒரு நிலையில் பிடித்துவைக்கும் வோல்டேஜ். யாரும் பேசாத நேரத்தில் ஏ-பி இடையே 200 மில்லிவோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ரிசீவருக்கு லைன் 1-ஆ 0-ஆ என்று தெரியாது, சத்தத்தையெல்லாம் ஸ்டார்ட் பிட் என்று எடுத்துக்கொள்ளும். 5 வோல்ட்டில் மேலே 560, கீழே 560, நடுவில் 60 ஓம் என்றால் 5 × 60 / 1180, அதாவது 254 மில்லிவோல்ட். 680 போட்டால் 211 தான், விளிம்பில் நிற்கும். பயாஸ் லூப்பில் ஒரே இடத்தில் இருக்கட்டும், கேட்வே பக்கம் இருப்பது நல்லது. வாங்கும் கேட்வேயில் டெர்மினேஷனுக்கும் பயாஸுக்கும் தனித்தனி டிப் ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள்.

கம்ப்ரசர் லோடு எடுக்கும்போது போவதற்கு இரண்டு காரணங்களை முதலில் சந்தேகிக்கிறேன். ஒன்று, கம்யூனிகேஷன் கேபிள் விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் போவது. இரண்டு, பேனலுக்குப் பேனல் எர்த் வேறுபடுவது. ஆர்எஸ்-485 ரிசீவர் தாங்கும் காமன் மோட் மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரைதான். இரண்டு கம்பி மட்டும் இழுத்து, மூன்றாவது ரெஃபரன்ஸ் கம்பியை விட்டுவிட்டால் கம்ப்ரசர் ஏறும்போது அந்த எல்லை தாண்டும். மூன்றாவது கம்பி போடுங்கள். ஷீல்டை ஒரே நுனியில் எர்த் செய்யுங்கள், ஒவ்வொரு பேனலிலும் செய்தால் ஷீல்டே எர்த் கரண்ட் ஓடும் வழியாகிவிடும். சீரியல் பக்கம் ஐசோலேஷன் உள்ள கேட்வேயாகப் பாருங்கள்.

ஏ, பி எழுத்துக்களை நம்பாதீர்கள். ஒரு மேக்கின் ஏ இன்னொரு மேக்கின் பி. பிளஸ், மைனஸ் குறி இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். ஒரு மீட்டர் மட்டும் பேசவில்லை என்றால் மற்றதைத் தொடுமுன் அதன் இரண்டு கம்பியை மாற்றிப் பாருங்கள், எதுவும் எரிந்துபோகாது.

இனி டைமிங். 8என்1-இல் ஒரு எழுத்துக்கு 10 பிட், 9600-இல் 1.04 மில்லி செகண்ட். கேள்வி 8 பைட். 40 ரிஜிஸ்டர் (மீட்டர் மதிப்புகளை வைத்திருக்கும் 16 பிட் இடங்கள்) படித்தால் பதில் 5 + 80 = 85 பைட். இரண்டும் சேர்ந்து 97 மில்லி செகண்ட். முன்னும் பின்னும் மூன்றரை எழுத்து இடைவெளி 7. மீட்டர் யோசிக்க 50 என்று வைத்தால் ஒரு மீட்டருக்கு சுமார் 155. மூன்றாவது லூப்பின் 28 மீட்டருக்கு ஒரு சுற்று 4.3 செகண்ட். பழையதும் புதியதும் சேர்ந்து கேட்டால் சுற்று 8.7 செகண்ட். எனர்ஜி கணக்குக்கு இது தாராளம். ஸ்காடாவில் 1 செகண்ட் ஸ்கேன் என்று போட்டுவைத்தால் மட்டும் க்யூ நிரம்பி வழியும். 30 செகண்ட் போடுங்கள்.

செத்த மீட்டர்தான் உண்மையான எதிரி. 1 செகண்ட் டைம்அவுட், மொத்தம் 3 முயற்சி என்றால் ஒரு செத்த மீட்டர் சுற்றுக்கு 3 செகண்ட் தின்கிறது. நான்கு செத்தால் 12 செகண்ட், உயிரோடு இருக்கும் எல்லாவற்றையும் விட அதிகம். பேசாத மீட்டரை ஸ்கேனிலிருந்து எடுத்துவிடுங்கள், அல்லது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் கேட்கும்படி வையுங்கள்.

டைம்அவுட்டில் ஒரு விதி உண்டு: உள்ளே குறைவு, வெளியே அதிகம். கேட்வேயின் சீரியல் பக்கம் 500 மில்லி செகண்ட், ரீட்ரை பூஜ்யம். ஸ்காடா பக்கம் 3 செகண்ட். பழைய சாஃப்ட்வேரில் 200 மில்லி செகண்ட் போட்டிருந்தால் 1500 ஆக்குங்கள், ஏனென்றால் இனி அது ஸ்காடாவின் கேள்வி முடியும்வரை காத்திருக்க வேண்டும். தலைகீழாக வைத்தால் ஸ்காடா அவசரப்பட்டு மறுபடி கேட்கும், பழைய கேள்வி க்யூவிலேயே இருக்கும், யாருக்கும் வேண்டாத பதில்களைக் கேட்வே லூப்பில் வாங்கிக்கொண்டிருக்கும்.

தாமதமாக வரும் பதிலை மாட்பஸ் டிசிபியில் டிரான்சாக்‌ஷன் ஐடி பார்த்துத் தள்ளிவிடலாம். டிசிபிக்குள் ஆர்டியு ஃபிரேமை அப்படியே அனுப்பும் முறையில் அந்த ஐடி கிடையாது. அதே மீட்டர், அதே எண்ணிக்கை ரிஜிஸ்டர் என்றால், வோல்டேஜ் கேட்டதற்கு வந்த பழைய பதில் கரண்ட் டேக்கில் போய் உட்காரும். சிஆர்சி சரி, அலாரம் இல்லை, எண் மட்டும் பொய். டிவைஸ் சர்வர் வேண்டாம் என்பதற்கு இதுவே பெரிய காரணம்.

பாட் ரேட்டை 19200 ஆக்கலாமா என்று தோன்றும். கம்பியில் போகும் 97 பாதியாகும், மீட்டர் யோசிக்கும் 50 அப்படியே இருக்கும். 4.3 செகண்ட் 3-க்கு வரும், அவ்வளவுதான். அதற்காக 28 பேனலையும் ஒரே நாளில் திறப்பது நியாயமில்லை.


நூல்மில்_மின்பிரிவு:

மிக்க நன்றி சார். முதல் லூப்பில் ஓம் பார்த்தோம், 46 வந்தது. ஒரு கம்ப்ரசர் பேனல் மீட்டரில் டெர்மினேஷன் ஜம்பர் ஆனில் இருந்தது, எடுத்ததும் 66. ரெஃபரன்ஸ் கம்பி இல்லை, கேபிள் மாற்ற வேண்டும்.

இரண்டாவது லூப்பில் சாம்பிளாக ஒரு கேட்வே வைத்து ஸ்காடாவில் பார்த்தோம். மீட்டர்கள் பதில் தருகின்றன. ஆனால் ஒரு மேக் மீட்டர்களில் வோல்டேஜ் கன்னாபின்னாவென்று வருகிறது. இன்னொரு மேக்கில் கிலோவாட் ஹவர் எப்போதாவது ஒருமுறை திடீரென்று 65,536 குதித்து அடுத்த ஸ்கேனில் திரும்பிவிடுகிறது.

மூன்றாவது லூப் மிக நீளம். கேட்வேயை எலக்ட்ரிக்கல் ரூமில் வைக்காமல் ரிங் ஃபிரேம் ஹாலிலேயே வைத்து லூப்பை இரண்டாகப் பிரிக்கலாமா? ஐபி முகவரி எல்லாம் எப்படிக் கொடுப்பது?


ரிஜிஸ்டர்மேப்:

வோல்டேஜ் விஷயம் வேர்ட் ஆர்டர். 32 பிட் ஃப்ளோட் இரண்டு 16 பிட் ரிஜிஸ்டர்களில் வருகிறது. எந்தப் பாதி முதலில் என்பதை மாட்பஸ் வரையறுக்கவில்லை, மீட்டர் கம்பெனி தன் விருப்பப்படி வைக்கும். ஸ்காடாவில் அந்த இரண்டு ரிஜிஸ்டரையும் சாதாரண முழு எண்ணாகப் பாருங்கள். சரியாக 230.0 வோல்ட் என்றால் 17254, 0 என்று வரும். 0, 17254 என்று வந்தால் வேர்ட் ஸ்வாப் போடுங்கள். 26179 என்ற எண் கண்ணில் பட்டால் பைட்டும் மாறியிருக்கிறது. உண்மையில் 228.4, 233.7 என்று பின்னத்தோடு இருக்கும்போது இரண்டாவது எண் பூஜ்யமாக இராது, ஆனால் முதல் பாதி 17250 சுற்று வட்டாரத்திலேயே இருக்கும், அடையாளம் கண்டுகொள்ளலாம்.

எண்கள் அர்த்தமுள்ளவையாக இருந்து வேறு அளவின் மதிப்பாக இருந்தால், உதாரணமாக ஆர் ஃபேஸ் இடத்தில் ஒய் ஃபேஸ் வந்தால், முகவரி ஒன்று தள்ளியிருக்கிறது. மேனுவலில் 40001 என்று எழுதியிருப்பது கம்பியில் போகும்போது 0. சில மேனுவல்கள் கம்பி முகவரியையே அச்சிடும், சில ஸ்காடாக்கள் தாமே ஒன்றைக் கழிக்கும். ஃப்ளோட் மதிப்பு இரண்டு ரிஜிஸ்டர் என்பதால் ஒன்று தள்ளினால் ஒரு மதிப்பின் பின்பாதியும் அடுத்ததன் முன்பாதியும் சேர்ந்து குப்பையாகவும் வரலாம். அதனால் ஆர்டரை மாற்றிப் பார்ப்பதற்கு முன் முகவரியைச் சரிபாருங்கள்.

65,536 குதிப்பதற்குக் காரணம் உறுதியாகச் சொல்லலாம். 32 பிட் எண்ணின் மேல் பாதியையும் கீழ் பாதியையும் ஸ்காடா இரண்டு தனிக் கேள்விகளாகப் படிக்கிறது. இடையில் கீழ் பாதி 65,535-லிருந்து 0-க்குத் திரும்பி மேல் பாதி ஒன்று ஏறிவிட்டால், கீழ் பாதி பழையது, மேல் பாதி புதியது. இரண்டையும் சேர்த்தால் 65,536 அதிகம். படிக்கும் வரிசை மாறினால் அதே அளவு குறையும். இரண்டு ரிஜிஸ்டரும் ஒரே கேள்வியில் வரும்படி பிளாக்கை மாற்றுங்கள். சில ஸ்காடாக்கள் பிளாக் நீளத்தைத் தாமே வெட்டும், அந்த வெட்டு 32 பிட் எண்ணின் நடுவில் விழுந்தாலும் இதே கதைதான். ஒரு கேள்விக்கு 125 ரிஜிஸ்டர்வரை புரோட்டோகால் அனுமதிக்கும், ஆனால் பல மீட்டர்கள் அதற்குக் குறைவாகவே தரும், மேனுவலைப் பாருங்கள்.

எனர்ஜிக்கு ஃப்ளோட் ரிஜிஸ்டரை எடுக்காதீர்கள், மீட்டரில் இன்டிஜர் ரிஜிஸ்டரும் இருந்தால் அதுதான் நல்லது. 32 பிட் ஃப்ளோட் 1,67,77,216 வரைதான் ஒவ்வொரு முழு எண்ணையும் பிரித்துக் காட்டும். வாட் ஹவரில் எண்ணும் மீட்டர் அதைச் சில நாளில் தாண்டிவிடும். பிறகு எண் ஒட்டிக்கொண்டு நின்று நின்று ஏறும், ஷிஃப்ட் வாரியான கணக்கு பிசகும்.

பழையதையும் புதியதையும் ஒப்பிடும்போது ஒரு நொடியில் இரண்டு திரையிலும் தெரியும் கிலோவாட்டை ஒப்பிட்டால் சண்டைதான் வரும். ஒவ்வொரு மீட்டருக்கும் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரையான கிலோவாட் ஹவர் வித்தியாசத்தை எடுங்கள். இரண்டும் வேறு நொடியில் படிப்பதால் சின்ன வித்தியாசம் இருக்கும்: 500 கிலோவாட் ஓடும் ஃபீடரில் 5 செகண்ட் இடைவெளி 0.7 யூனிட். அதைவிடப் பெரிதாக, தினமும் ஒரே விகிதத்தில் வித்தியாசம் வந்தால் சிடி ரேஷியோ. ஒரு நாள் மட்டும் வந்தால் கடிகாரம். பழைய எக்ஸ்பி பிசியின் கடிகாரம் நிமிடக் கணக்கில் தள்ளியிருக்கும், ஒப்பிடத் தொடங்கும் முன் சர்வரோடு நேரத்தைச் சரிசெய்யுங்கள்.


பேனல்_ஐபி:

லூப்பைப் பிரிப்பது நல்ல யோசனை. அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஆர்எஸ்-485-ஐ குட்டையாகவும் ஈதர்நெட்டை நீளமாகவும் வைத்தால் குறை தேடும் இடம் சுருங்கிவிடும். ஒரு கேட்வே போர்ட்டுக்கு 10 முதல் 14 மீட்டர் என்று வைத்தால் ஒரு லூப் போனாலும் மற்ற பாதி தெரியும்.

ஆனால் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும் காலத்தில் பிரிக்காதீர்கள். பழைய பிசி சீரியல் கம்பி வழியாகத்தான் கேட்வேயை அடைகிறது, கேட்வே ஹாலுக்குப் போய்விட்டால் அந்த வழி அறுந்துபோகும். முதலில் எலக்ட்ரிக்கல் ரூமிலேயே மூன்று கேட்வே. மார்ச் முடிந்து பழைய பிசி ஓய்வு பெற்ற பிறகு மூன்றாவது லூப்பை வெட்டலாம். வெட்டும் இடத்தில் இரண்டு புதிய நுனிகள் உண்டாகும். கேட்வேயை வெட்டிய இடத்திலேயே வைத்து அதன் இரண்டு போர்ட்டிலும் இரண்டு பாதியை முடித்தால் இரண்டு போர்ட்டிலும் டெர்மினேஷனும் பயாஸும் ஆன். எலக்ட்ரிக்கல் ரூமுக்குப் போன மீதிக் கம்பியை மீட்டர் இருக்கும் கடைசிப் பேனலிலேயே துண்டித்து அங்கே 120 ஓம் போடுங்கள். சும்மா தொங்கும் வாலாக விடக்கூடாது.

ரிங் ஃபிரேம் ஹாலில் பஞ்சு பறக்கும். ஃபேன் உள்ள ஸ்விட்ச், ஆபீஸ் ஸ்விட்ச் எதுவும் அங்கே ஆகாது. ஃபேன் இல்லாத டின் ரெயில் ஸ்விட்ச், 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ், பஞ்சு புகாத மூடிய பெட்டி. சப்ளை யூபிஎஸ் லைனிலிருந்து எடுங்கள். ஸ்விட்ச் ரீஸ்டார்ட் ஆகி ஸ்காடா மறுபடி இணையும் அந்த ஒன்றிரண்டு நிமிடம்தான் மின்தடை பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டிய நேரம்.

காப்பர் கேபிள் 100 மீட்டர்வரை மட்டும். டிபார்ட்மென்ட்டுக்கு டிபார்ட்மென்ட் ஃபைபரிலேயே போங்கள், எர்த் வேறுபாடும் மின்னலும் அதில் வராது. சிசிடிவி ஃபைபரில் மீதிக் கோர் இருக்கிறது என்றீர்கள், அதையே தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா ஸ்விட்சையே பகிர்வதாக இருந்தால் மீட்டருக்குத் தனி விலேன் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்துவைத்த நெட்வொர்க்) கட்டாயம். கேமராக்களின் மல்டிகாஸ்ட் வெள்ளம் சின்ன கேட்வேயின் சிபியுவை மூழ்கடித்துவிடும்.

முகவரி: 192.168.20.0/24 மாதிரி ஆபீஸோடு மோதாத ஒரு தொடர். ஸ்காடா .5, கேட்வேக்கள் .11, .12, .13, பிரித்த பிறகு இன்னொரு கேட்வே சேர்ந்தால் .14, பின்னால் வரும் ஈதர்நெட் மீட்டர்களுக்கு .101 முதல். எல்லாம் ஸ்டாட்டிக். ஒரே மாடல் கேட்வேக்கள் ஒரே டிஃபால்ட் ஐபியோடு பெட்டியிலிருந்து வரும், நான்கையும் ஒரே ஸ்விட்சில் செருகிவிட்டு கான்ஃபிகர் செய்ய உட்காராதீர்கள். ஒவ்வொன்றாக லேப்டாப்பில் நேரடியாக இணைத்து முகவரி மாற்றி, முகப்பில் லேபிள் ஒட்டிய பிறகு பேனலுக்குப் போகட்டும்.

மாட்பஸுக்குப் பாஸ்வேர்டு கிடையாது. 1979-இல் மோடிகான் வடிவமைத்தபோது ஒரு கம்பியில் சில பிஎல்சிகள் (மெஷினைக் கட்டுப்படுத்தும் கணினிகள்) என்பதுதான் உலகம். 502-ஐ எட்டக்கூடிய எந்தக் கம்ப்யூட்டரும் படிக்கலாம், எழுதவும் செய்யலாம்: டிமாண்ட் ரீசெட் (பதிவான உச்ச மின்தேவையைப் பூஜ்யமாக்குவது), சில மீட்டர்களில் சிடி ரேஷியோ, ஸ்லேவ் ஐடி. ஆர்எஸ்-485-இல் இருந்தபோது இதற்கு ஒருவர் கம்பியருகே வர வேண்டும், ஐபிக்கு வந்ததும் ஆபீஸ் லேப்டாப் போதும். இந்த மாற்றத்தில் நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் எல்லாம் நன்றாக ஓடும்போது இது கண்ணுக்குத் தெரியாது. கேட்வேயில் அனுமதிக்கப்பட்ட ஐபி பட்டியலில் ஸ்காடாவின் .5 மட்டும் இருக்கட்டும். எழுதும் ஃபங்ஷன் கோடுகள் 5, 6, 15, 16 ஆகியவற்றைத் தடுக்கும் வசதி இருந்தால் தடுத்துவிடுங்கள், உங்களுக்குத் தேவை படிக்கும் 3, 4 மட்டுமே. கேட்வேயின் வெப் பக்கத்துப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மேனேஜர் வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்றால் விபிஎன், அல்லது ஸ்காடாவின் ரிப்போர்ட் பக்கம். ரவுட்டரில் 502-ஐ வெளியே திறந்துவிடவே கூடாது.

இன்னொரு சின்ன விஷயம் நிறையத் தொல்லை தரும். கேட்வே ஒரே நேரத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கை டிசிபி கனெக்‌ஷன்தான் தாங்கும், எத்தனை என்று டேட்டாஷீட்டில் இருக்கும். ஸ்காடா திடீரென்று நின்று மறுபடி கிளம்பினால் பழைய கனெக்‌ஷன் கேட்வேயில் மூடாமலேயே கிடக்கும். நாலைந்து முறை இப்படியானால் இடம் தீர்ந்து புதிய கனெக்‌ஷனை மறுக்கும், பவர் ஆஃப் செய்து போட்டால்தான் வரும். ஐடில் டைம்அவுட் 60 செகண்ட் என்று வைத்துவிடுங்கள், ஸ்கேன் 30 செகண்ட் என்பதால் நல்ல கனெக்‌ஷனுக்கு ஆபத்தில்லை.


நூல்மில்_மின்பிரிவு:

பிளாக்கை மாற்றியதும் 65,536 குதிப்பது நின்றுவிட்டது. வேர்ட் ஸ்வாப்பும் சரி. ஒரே ஒரு சந்தேகம்: ஒரு மீட்டர் வராதபோது ஸ்காடா சில நேரம் எக்ஸெப்ஷன் 11 (மாட்பஸ் பிழை எண்) என்கிறது, சில நேரம் வெறும் டைம்அவுட் என்கிறது. இரண்டும் ஒன்றுதானா? பழைய பிசியை எப்போது கழற்றலாம்?


பஸ்டிரேஸ்:

ஒன்றல்ல. 11 என்றால் கேட்வே உயிரோடு இருக்கிறது, லூப்பில் கேட்டது, மீட்டர் பதில் தரவில்லை. பேனலுக்குப் போங்கள். 10 என்றால் அந்த யூனிட் ஐடிக்கு கேட்வேயில் வழியே இல்லை, கான்ஃபிகரேஷனைப் பாருங்கள். 2 வந்தால் மீட்டர் பேசுகிறது, கேட்ட ரிஜிஸ்டர்தான் அதில் இல்லை. வெறும் டைம்அவுட் என்றால் கேட்வேயிடமிருந்தே பதில் வரவில்லை: ஸ்விட்ச், ஃபைபர், அல்லது கேட்வேயில் க்யூ நீண்டு ஸ்காடாவின் 3 செகண்ட் தாண்டிவிட்டது. ஒரே மீட்டருக்கு இரண்டும் மாறி மாறி வருகிறது என்றால் க்யூதான். பழைய சாஃப்ட்வேர் அந்தச் செத்த மீட்டரை இன்னும் ரீட்ரை செய்துகொண்டிருக்கிறதா பாருங்கள், அங்கேயும் அதை டிஸேபிள் செய்ய வேண்டும். அந்த அலாரங்களை ஸ்காடாவில் தனித்தனிப் பெயரில் வையுங்கள், இரவு ஷிஃப்ட்டில் இருப்பவர் எங்கே ஓட வேண்டும் என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.

பழைய பிசியை லூப் வாரியாகக் கழற்றுங்கள். ஒரு லூப்பில் முழு மாதம் ஒன்று, மாதக் கடைசி டிமாண்ட் ரீசெட் உட்பட, இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் அந்த லூப்பின் போர்ட் 1 கம்பியை எடுத்துவிடலாம். இன்கமர் இருக்கும் முதல் லூப் மட்டும் மார்ச் கணக்கு கையெழுத்தாகும்வரை இருக்கட்டும். கடைசியாக அணைக்கும் முன் பிசியின் ஹார்ட் டிஸ்க்கை முழு இமேஜ் எடுத்து, பழைய டேட்டாவை சிஎஸ்வியாகவும் வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். சென்ற வருடத்து யூனிட்டோடு ஒப்பிடச் சொல்லி யாராவது கேட்கும்போது அந்த சாஃப்ட்வேரைத் திறக்க எக்ஸ்பி மிஷின் இருக்காது.

மூன்று கேட்வேயின் கான்ஃபிக் ஃபைலையும் சர்வரில் ஒரு பிரதி, யூஎஸ்பியில் ஒரு பிரதி வையுங்கள். கையிருப்பு நான்காவது கேட்வேயில் அதே ஃபர்ம்வேர் வெர்ஷன் இருக்கிறதா என்று இப்போதே சரிபாருங்கள், வெர்ஷன் வேறாக இருந்தால் சில மாடல்கள் பழைய கான்ஃபிக் ஃபைலை ஏற்றுக்கொள்ளாது.